கையில் தொலைபேசி, பக்கத்தில் யார்?

தனிமை என்பது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வாழ்பவருக்கு நேரும் துன்பம் என்றே நாம் நீண்ட காலமாக எண்ணி வந்தோம். காட்டுக்குள் காவல் இருப்பவர், சிறையில் அடைபட்டவர், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர் ஆகியோரே தனிமையில் வாடுகிறார்கள் என்பது பொதுவான நினைப்பு. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு யூன் மாதம் வெளியிட்ட அறிக்கை வேறோர் உண்மையைச் சொல்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார். செல்வந்த நாடுகளைவிட வறிய நாடுகளிலேயே இது கூடுதலாகக் காணப்படுகிறது. முதியோரிடம் மட்டுமன்றி இளையோரிடமும் அதிகமாக இருக்கிறது. பிரித்தானியா 2018ஆம் ஆண்டிலும் யப்பான் 2021ஆம் ஆண்டிலும் தனிமைப் பிரச்சினையைக் கவனிப்பதற்கென்றே அமைச்சர்களை நியமித்தன.

ஒருவரோடொருவர் பேசுவதற்கு மனிதர் இதுவரை கண்ட கருவிகளுள் மிக வல்லமை வாய்ந்தது கோடிக்கணக்கானோரின் சட்டைப் பையில் இருக்கும் காலமும் இதுவே. பேசுவதற்குக் கருவி பெருகியிருக்கிறது. பேச ஆளில்லை என்ற ஏக்கமும் பெருகியிருக்கிறது. இது ஏன்?

“காணியையும் வீட்டையும் இழந்து நிற்கும் எங்களுக்கு இது ஒரு கவலையா?” என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். நிலம் போய்விட்டது, பயிர் போய்விட்டது, கூரையும் போய்விட்டது. அதன்பின் ஒரு குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் சொத்து உறவு ஒன்றுதான். அந்தக் கடைசிச் சொத்தை இந்தக் கருவி காக்கிறதா, கரைக்கிறதா என்று பார்ப்பது எமக்கு அவசியமான வேலை. கர்தினால் கார்டைன் இளந்தொழிலாளருக்குக் கற்றுக்கொடுத்த முறைப்படி, முதலில் பார்ப்போம், பிறகு சிந்திப்போம், முடிவில் செயற்படுவோம்.

முகவரி இல்லாத மக்கள்

1884ஆம் ஆண்டு புகையிரதம் அட்டனை எட்டியது. அடுத்த ஆண்டு நானுஓயாவை எட்டியது. தேயிலைப் பெட்டி மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கும் வழி சீராயிற்று. தந்தியும் தொலைபேசியும் தோட்டத்து அலுவலகத்துக்கும் துரை பங்களாவுக்கும் வந்து சேர்ந்தன. லயத்துக்கு வந்தது தப்பின் ஓசை மட்டுமே. விடியலில் பிரட்டுக்களத்துக்கு வேலையாட்களை அழைத்ததும் தப்புத்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மலைக்கு மலை அறிவித்ததும் தப்புத்தான்.

லயக் காம்பராவுக்குத் தெருப்பெயர் இல்லை, இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே முகவரி. கடிதங்கள் தபால் பையில் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தன. நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி எழுதிய கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். தனக்கென ஒரு முகவரி வேண்டும் என்பது இம்மக்களின் பழைய கோரிக்கைகளுள் ஒன்று.

முகவரியைப் போலவே நாடும் பறிபோனது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே; தாய் அங்கே, மணமான மகள் இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் புதுவாழ்வு தேடினார்கள். அவர்களுக்கும் இங்குள்ளவர்களுக்கும் இடையே இருந்த ஒரே பாலம் கடிதம். அந்தக் கடிதமும் தோட்டத்து அலுவலகத்தின் வழியாகவே வர வேண்டும். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இந்த வரலாற்றை நினைவில் வைத்தால்தான் கைத்தொலைபேசி மலையகத்துக்கு என்ன கொடுத்தது என்பது விளங்கும். 1989ஆம் ஆண்டு செல்டெல் நிறுவனம் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. அன்று அது வசதி படைத்தவரின் பொருள். பல ஆண்டுகள் கழித்து விலை இறங்கி அது லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, காம்பராவுக்கு இலக்கம் இல்லாதபோதும் காம்பராவில் வாழ்பவருக்கு ஓர் இலக்கம் கிடைத்தது. கணக்கப்பிள்ளையின் கையில் படாமல், அலுவலக மேசையில் காத்துக் கிடக்காமல், நேராகத் தன்னையே வந்தடையும் முதல் முகவரி பலருக்கும் அதுதான். ஆகவே மேடைகளிலும் பிரசங்கங்களிலும் கைத்தொலைபேசியைப் பொல்லாத பொருள் என்று ஒரேயடியாகப் பழிப்பது சரியல்ல. நூறாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்ட ஒன்றை அது கொடுத்திருக்கிறது.

பத்துக் காம்பராவுக்கு ஒரு வானொலி

தொலைபேசிக்கு முன்னர் மலையகத்தின் தனிமையைப் போக்கிய கருவி வானொலி. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பின்னாளில் இலங்கை வானொலி என்று பெயர் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தமிழ்ச் சேவை பாக்குநீரிணைக்கு இரு கரையிலும் கேட்டது. பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து முதலிய நிகழ்ச்சிகளை அறியாத தமிழ் வீடு அன்று அரிது.

ஒரு லயத்தில் ஒரு வீட்டிலோ இரு வீட்டிலோதான் வானொலிப் பெட்டி இருக்கும். அதை ஜன்னலோரம் வைப்பார்கள். இஸ்தோப்பில் பெரியவர்கள் குந்தியிருப்பார்கள். பிள்ளைகள் வாசற்படியில் அமர்ந்திருப்பார்கள். பாட்டுக்கு முன்னால் நேயர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பார். கடிதம் ஒழுங்காக வந்து சேராத ஒரு தோட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் அன்று முழுவதும் மலையில் அதே பேச்சுத்தான். கொழுந்து பறிக்கும் நிரையிலும் பீலிக்கரையிலும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கடல் கடந்து நீலகிரிக்குப் போய்விட்ட அண்ணனும் இதே பாட்டை இதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே தங்கைக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

யுத்த காலத்தில் லண்டன் பி.பி.சி.யின் தமிழோசைக்கும் இதே கதைதான். 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30ஆம் திகதி வரை வானொலியில் ஒலித்த அச்சேவையை, இரவில் ஒரு பெட்டியைச் சுற்றி அயலவர் கூடிக் கேட்டார்கள். மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு நிலவிய வன்னியில் மிதிவண்டி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு.

வானொலி மிக எளிய கருவி. அது பேசும், நாம் பேசுவது அதற்குக் கேட்காது. இருந்தும் அது மக்களைச் சேர்த்தது. காரணம் பெட்டிக்குள் இருந்த நுட்பமன்று. பெட்டியைச் சுற்றி இருந்த இஸ்தோப்பு. செய்தி முடிந்ததும் அங்கே வாதம் நடந்தது. சிரிப்பு எழுந்தது. வீட்டில் அடுப்பு எரியாத குடும்பம் எது என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் தெரியவந்தது.

கடல் கடந்த தாயின் குரல்

1970களின் இறுதியில் மத்திய கிழக்கு நாடுகளின் கதவு திறந்தது. அதைத் தொடர்ந்து மலையகத்திலிருந்தும் பெண்கள் பணிப்பெண்களாகப் புறப்பட்டார்கள். எழுதப் படிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு ஒலிநாடா கைகொடுத்தது. இரவில் வேலை முடிந்தபின் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டார் அதைச் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். பிள்ளை தன் பெயர் வரும் இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்கும். பின்னர் 1990களில் அட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களில் ‘கொமியூனிக்கேஷன்’ கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஓடும் மீற்றரைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுப் பலர் வெளியே வந்தார்கள்.

இன்று ‘இமோ’வும் ‘வட்ஸ்அப்’பும் அந்தக் கூண்டை உடைத்துவிட்டன. குவைத்திலிருக்கும் தாய் மகளின் வீட்டுப்பாடத்தைத் திரையில் பார்க்கிறாள். முதல் நன்மை வாங்கும் நாளில் மகனின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கிறாள். இது பெரிய நன்மை. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் மூன்று விடயங்களை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். முதலாவது, இரு பக்கமும் துன்பத்தை ஒளித்துக்கொள்கிறார்கள். அங்கே அடிபட்டவள் “நல்லா இருக்கேன்” என்கிறாள். இங்கே கடன்பட்டவன் “ஒரு கொறையும் இல்ல” என்கிறான். திரையில் முகம் தெரிகிறது, மனம் தெரிவதில்லை. இரண்டாவது, சில வேலை வீடுகளில் பணிப்பெண்ணின் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் வந்த அழைப்பு திடீரென நின்றால் அது அலட்சியமன்று. ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். உடனே வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாவது, “சாப்பிட்டியா?” என்று கேட்கத் தொலைபேசியால் முடியும், தலைவாரி விட முடியாது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அந்த வேலைக்கு அம்மாயியோ சித்தியோ அடுத்த காம்பராவின் அக்காவோ பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் தாயின் அழைப்பு பிள்ளைக்குத் தெம்பு தருகிறது. ஒருவரும் இல்லாத வீட்டில் அதே அழைப்பு முடிந்ததும் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறது.

வட்டம் சிறுத்த கதை

1979ஆம் ஆண்டு சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஆரம்பமாயின. மின்சாரம் வராத லயங்களில் கார் பற்றரியில் தொலைக்காட்சி ஓடியது. பற்றரியைத் தோளில் சுமந்து நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். படம் போடும் நாளில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு காம்பராவில்தான். 1993இல் சன் தொலைக்காட்சியும் 1998இல் சக்தி தொலைக்காட்சியும் தொடங்கின. பிறகு தகரக் கூரை முழுவதும் டிஷ் முளைத்தது. பத்துக் காம்பராவுக்குப் பத்து டிஷ். மாலையில் கதவுகள் சாத்தப்பட்டன. அதற்குப் பின் கைத்தொலைபேசி வந்தது. இப்போது ஒரே காம்பராவுக்குள் நால்வர் நான்கு திரைகளைப் பார்க்கிறார்கள்.

வானொலி லயத்துக்குப் பொதுவாக இருந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குப் பொதுவாக இருந்தது. தொலைபேசி ஆளுக்கொன்றாயிற்று. கருவி சிறுக்கச் சிறுக்க, அதைச் சுற்றி அமர்ந்த வட்டமும் சிறுத்தது.

இதற்கு இளைஞரின் மனக்கட்டுப்பாட்டை மட்டும் குறைகூற முடியாது. பேஸ்புக்கும் யூடியூப்பும் டிக்டொக்கும் எம்மிடம் பணம் கேட்பதில்லை. ஆனால் அவை தருமமும் செய்யவில்லை. எமது பார்வையை விளம்பரக்காரருக்கு விற்றே அந்நிறுவனங்கள் வருமானம் தேடுகின்றன. எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு இலாபம். ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது தானாக ஓடுவதும், சும்மா கிடந்த தொலைபேசி மணியடித்து அழைப்பதும் அதற்காகவே அமைக்கப்பட்டவை. தோட்டத்தில் எமது உழைப்பு நாளுக்கு நாள் நிறுக்கப்பட்டது. இங்கே எமது ஓய்வு நேரம் நிமிடத்துக்கு நிமிடம் நிறுக்கப்படுகிறது.

வேறொரு காரணமும் உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி தொலைபேசிக்குள் போயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தவணைக் கடனில் வாங்கியது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள். படிப்புக்கென வாங்கிய கருவி பாடசாலை திறந்தபின்னும் கையை விட்டு இறங்கவில்லை. விளையாட இடமில்லை, வாசிகசாலை இல்லை, பத்தடி, பன்னிரண்டடிக் காம்பராவில் தனியாக இருந்து நினைக்க ஒரு மூலை இல்லை. இந்நிலையில் அப்பிள்ளை திரைக்குள் ஓர் அறையைக் கட்டிக்கொள்கிறது. தொலைபேசியைப் பறிப்பதற்கு முன் அப்பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தோம் என்று பெரியவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடம்பெயர்ந்தவரின் தனிமை

1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் காடு வெட்டிக் கமக்காரர் ஆயின. யுத்தம் அவர்களை மீண்டும் பெயர்த்தது. அக்காலத்தில் பிரிந்தவரைத் தேடச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் செய்தித்தாள் ஒன்றே பலருக்கும் வழி. அதில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். உறையில் இட்டு ஒட்ட முடியாது. “உயிரோடு இருக்கிறோம்” என்ற அந்தச் சிறு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

மலையகத்தில் மண்ணே எதிரியாயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை உலுக்கியது. லயமும் கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளும் சேர்ந்தே போயின. அடையாள அட்டையையும் தொலைபேசியையும் மட்டும் கையிலெடுத்துக்கொண்டு ஓடியவர்கள் பலர்.

இடம்பெயர்ந்தவரின் தனிமை மற்றவரின் தனிமையிலிருந்து வேறுபட்டது. மனிதர் அங்கே இருக்கிறார்கள். முகாமில் நெரிசலே உண்டு. ஆனால் எம்மை அறிந்த மனிதர் இல்லை. எந்த வரப்பு எவருடையது, எந்த வீட்டில் கறிவேப்பிலை கேட்கலாம், யாருக்குக் கை வைத்தியம் தெரியும் என்ற அறிவெல்லாம் ஒரு நாளில் பயனற்றுப் போகிறது. அதற்குமேல், புதிய வீடுகள் கிடைக்கும்போது பழைய அயலவர் திசைக்கொருவராகச் சிதறிவிடுகிறார்கள்.

இந்த நிலையில் தொலைபேசி ஒரு பெரிய கொடை. சிதறிய லயம் ஒரு வட்ஸ்அப் குழுவில் மறுபடி கூடுகிறது. சாவும் கலியாணமும் உடனே தெரிகின்றன. முகவரி ஐந்து தடவை மாறினாலும் இலக்கம் மாறுவதில்லை. ஆனால் இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. பழைய அயலவரோடு இரவு முழுவதும் பேசும் குடும்பம், சுவருக்கு அப்பால் இருக்கும் புதிய அயலவரின் பெயரை ஆறு மாதமாகியும் அறியாதிருக்கக்கூடும். போன ஊரில் மனம் இருக்கிறது. வந்த ஊரில் உடல் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

டித்வா நாட்களை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் மின்சாரம் அறுந்தது. தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. தொடர்பு இருந்த இடத்திலும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அந்த இரவில் கதவைத் தட்டியவர் யார்? முதியவரைத் தோளில் தூக்கியவர் யார்? மண்ணைக் கையால் தோண்டியவர் யார்? பக்கத்தில் இருந்தவரே. வட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருந்தாலும், மண் சரியும் இரவில் எமக்குக் கைகொடுக்கப் போகிறவர் அடுத்த வீட்டுக்காரர்தான்.

சிந்திப்போம்

திருச்சபையின் தொடக்க காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பவுலடியார் சிறையிலிருந்தும் கடிதம் எழுதினார். தொலைவிலிருந்த சபைகளை அக்கடிதங்கள் தாங்கின. அதேவேளை யோவானின் இரண்டாம் கடிதத்தின் முடிவைப் பாருங்கள். எழுத இன்னும் நிறைய இருந்தும், தாளையும் மையையும் நம்பியிராமல் நேரில் வந்து முகம் பார்த்துப் பேசி மகிழவே விரும்புவதாக அவர் சொல்கிறார். மூன்றாம் கடிதத்திலும் இதே விருப்பம். கடிதம் தவறு என்று அவர் சொல்லவில்லை. கடிதம் சந்திப்பை நோக்கிச் செல்ல வேண்டும் என்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய தன் ஏட்டில் இக்கருவிகளை வியப்புக்குரியவை என்று வரவேற்றது. நன்மைக்கும் தீமைக்கும் அவை பயன்படும் என்றும் எச்சரித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், வலைத் தொடர்பு நேரடிச் சந்திப்பின் நீட்சியாக இருந்தால் அது வளம் என்ற கருத்தை வலியுறுத்தினார். 2020இல் வெளியிட்ட ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலில், மனித உறவுக்குத் தேவையான உடலசைவும் மௌனமும் முகபாவமும் திரைத் தொடர்பில் கிடைப்பதில்லை என்று கவலை தெரிவித்தார்.

ஆக, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கருவி என்னை யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அல்லது எவரிடமும் போகாமலிருக்க எனக்குச் சாட்டாக இருக்கிறதா?

செயற்படுவோம்

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நிதியுதவிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கீழ்க்காண்பவற்றை அன்பியத்திலோ மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ பேசி, இயன்றதைத் தொடங்கலாம்.

ஒன்று: பழைய லயத்தின் பெயர்ப்பட்டியலைத் தயாரியுங்கள். யார் எங்கே இருக்கிறார், இலக்கம் என்ன என்பதைக் கொப்பி ஒன்றில் பேனாவால் எழுதுங்கள். தொலைபேசி நனைந்தால் உள்ளிருக்கும் இலக்கங்களும் போய்விடும். எழுத்துத் தெரிந்த இளைஞர் ஒருவர் இதைப் பொறுப்பேற்கலாம்.

இரண்டு: புதிய குடியிருப்பில் பத்து வீடுகளை ஒரு வட்டமாகக் கொள்ளுங்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, தனித்த முதியவர் இருக்கிறார் என்பதை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மழை கடுத்தால் எந்த வீடு எந்த வீட்டின் கதவைத் தட்டும் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். வேறு மொழியில் வரும் எச்சரிக்கையைத் தமிழில் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.

மூன்று: வெளிநாட்டிலிருக்கும் தாயோ தந்தையோ அழைக்கும் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது குடும்ப நேரமாக்குங்கள். தொலைபேசியைப் பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்துவிடாமல் எல்லோரும் சுற்றி அமருங்கள். அழைப்பு முடிந்தபின் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருப்பதே அதற்கு மருந்து.

நான்கு: இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஒரு தட்டில் இருக்கட்டும். இந்த விதி முதலில் பெரியவர்களுக்கு. தகப்பன் திரையைப் பார்த்துக்கொண்டு மகனைத் திட்டுவதால் பயனில்லை.

ஐந்து: விதை, நாற்று, மண்வெட்டி ஆகியவற்றை இரவல் கொடுத்து வாங்குவதைத் தொடங்குங்கள். ஒரு கட்டுப் போஞ்சி விதையைக் கேட்டு அயல்வீட்டுப் படலையைத் திறப்பவருக்கு அங்கே ஒரு தேத்தண்ணியும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். நிலமிழந்த கமக்காரருக்குப் புதிய ஊரோடு உறவு கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ஆறு: சில இலக்கங்களைச் சுவரில் எழுதி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சிறுவர் பாதுகாப்பு 1929. மனநல உதவிச் சேவை 1926. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1989. மனம் உடைந்து வாழ்வே வேண்டாம் என்று பேசுபவரைக் கண்டால் தனியே விடாதீர்கள். அவரோடு இருந்துகொண்டே 1926ஐ அழையுங்கள். தொலைபேசி உயிர் காக்கும் வேளை அது. பக்கத்தில் இருப்பவரும் தொலைபேசியும் சேர்ந்தே காக்க வேண்டும்.

வானொலிக் காலம் திரும்பி வரப்போவதில்லை. அது வரவும் வேண்டாம். வறுமையினாலேயே பத்து வீடு ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்தது. அன்று இல்லாமை எம்மைச் சேர்த்து வைத்தது. இன்று ஆளுக்கொரு கருவி உண்டு. ஆகவே சேர்ந்திருப்பதை நாமே தீர்மானித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தொலைவிலுள்ளவரை அழைக்க எமக்கு ஓர் இலக்கம் போதும். பக்கத்திலுள்ளவரை அழைக்க இலக்கமும் வேண்டாம்; எழுந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

குழுக்களில் கலந்துரையாட:

1. நாம் இருந்த பழைய இடத்தில் எமக்கு உதவிய அயலவர் மூவரின் பெயரைச் சொல்வோம். இன்று அவர்கள் எங்கே? கடைசியாக எப்போது பேசினோம்?

2. இப்போது இருக்கும் இடத்தில் எமக்கு இருபுறமும் உள்ள வீட்டாரைப் பற்றி நாம் என்ன அறிவோம்?

3. எமது வீட்டில் தொலைபேசியால் வளர்ந்த உறவு எது? அதனால் தேய்ந்த உறவு எது?

4. எமது குடியிருப்பில் தொலைபேசியே இல்லாதவர், அல்லது அதைப் பயன்படுத்தத் தெரியாதவர் யார்? அவருக்குச் செய்தி கொண்டுபோவது யார் பொறுப்பு?